கல்லானாலும் கட்சியா?

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி இரவு, நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் படம்பிடிக்கப்பட்ட ஒரு காட்சியை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் போட்டுக் காட்டுகிறேன். அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக்கு அது கடைசி நாள். அதிபர் ஜிம்மி கார்ட்டர் மீண்டும் வேட்பாளராகிவிட்டார். மேடை நிறையத் தலைவர்கள். ஒன்பது மாதங்களாக அவரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்ற செனட்டர் எட்வர்ட் கென்னடி மேடைக்கு வருகிறார். இருவரும் கைகோத்து, கைகளை உயரத் தூக்கி நிற்கும் படம் கார்ட்டருக்கு வேண்டியிருக்கிறது. கென்னடி கை கொடுக்கிறார், தட்டிக் கொடுக்கிறார், நகர்ந்துகொண்டே இருக்கிறார். அந்தப் படம் மட்டும் கிடைக்கவே இல்லை.

இந்தச் சில நிமிடங்களை வைத்துத்தான் அமெரிக்க அரசியல் வரலாறு 1980ஐ நினைவு வைத்திருக்கிறது. இரண்டு ஆண்களின் பகை, ஒருவருடைய பிடிவாதம், இன்னொருவருடைய அவமானம், அதனால் கட்சி தோற்றது, ரொனால்டு ரீகன் வந்தார். கதை கச்சிதமாக இருக்கிறது. பதவியிலிருக்கும் அதிபரைச் சொந்தக் கட்சிக்காரர் எதிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்றுவரை இதுவே எச்சரிக்கைப் பாடம்.

சென்ற ஆண்டு படம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், கீழ இவ்ளோ பேர் பொம்பளைங்களா இருக்காங்களே, அவங்கல்லாம் யாரு?"

"பேராளர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மூரில் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சியின் வாக்காளர்கள் மாநிலம் மாநிலமாக வாக்களித்துத் தேர்வு செய்கிறார்கள். அதற்குப் பிரைமரி என்று பெயர். அந்த வாக்குகளின் அடிப்படையில் பேராளர்கள் தேர்வாகி, தேசிய மாநாட்டில் கூடி, வேட்பாளரை அறிவிக்கிறார்கள். அதே மாநாட்டில் கட்சியின் கொள்கை அறிக்கையையும் நிறைவேற்றுகிறார்கள். பதவியில் இருக்கும் அதிபர் இரண்டாம் முறை நிற்கும்போது இந்தத் தேர்தல் வெறும் சடங்காக நடக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த நேரத்தில் யாராவது எதிர்த்து நின்றால் உடனே எழும் சொல் 'விசுவாசம்'.

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் 'கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்' என்ற பழமொழி ஞாபகம் வந்துவிடும். விசுவாசம் என்பது எப்போதும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே கேட்கப்படுகிறது. கணவன் என்ன செய்தான் என்பது கணக்கில் வராது. மனைவி பொறுத்தாளா என்பதுதான் கேள்வி. கட்சிக்கும் அதன் பெண்களுக்கும் இடையே இதே உறவுதான் நீண்டகாலம் இருந்தது. 1980இல் அந்த அரங்கில் இருந்த பெண்கள் இந்தக் கணக்கை எப்படி மாற்றிப் போட்டார்கள் என்பதே என் அக்கறை.

முதலில் கார்ட்டர் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் பெண்களுக்கு ஒன்றும் செய்யாதவர் இல்லை. பட்ரீஷியா ராபர்ட்ஸ் ஹாரிஸை அமைச்சராக்கினார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதுவரை இருந்த அதிபர்கள் எல்லோரும் சேர்ந்து நியமித்ததைவிட அதிகமான பெண்களைக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நீதிபதிகளாக்கினார். பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரூத் பேடர் கின்ஸ்பர்க்கை 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்ததும் அவரே. பால் அடிப்படையில் சட்ட உரிமைகளை மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பில் எழுதக் கோரிய சம உரிமைத் திருத்தம் 1972இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது சட்டமாக 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவை, 35இல் நின்றுபோயிருந்தது. 1978இல் அதன் காலக்கெடுவை 1982 ஜூன் 30 வரை நீட்டித்தபோது கார்ட்டர் துணை நின்றார். அவருடைய மனைவி ரோசலின் அதற்காக ஊர் ஊராகப் பேசினார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிகெய்ட், கருக்கலைப்புக்குப் பணம் தருவதை 1976இல் கொண்டுவரப்பட்ட ஹைட் திருத்தம் தடுத்தது. கருக்கலைப்பு சட்டப்படியான உரிமையாக இருந்த நாட்டில், பணமுள்ள பெண்ணுக்கு மட்டும் அந்த உரிமை மிஞ்சியது. பணக்காரப் பெண்ணுக்குக் கிடைப்பது ஏழைப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போவது நியாயமா என்று 1977இல் செய்தியாளர்கள் கேட்டபோது, வாழ்க்கையில் நியாயமில்லாதவை பல இருக்கின்றன என்ற பொருளில் கார்ட்டர் பதில் சொன்னார். அந்தப் பதிலைப் பெண்கள் மறக்கவில்லை.

அடுத்தது பெல்லா அப்சுக் விவகாரம். நியூயார்க்கிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர், 1977இல் ஹூஸ்டனில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், பெரிய தொப்பியும் உரத்த குரலுமாக அறியப்பட்டவர். பெண்களுக்கான தேசிய ஆலோசனைக் குழுவின் இணைத்தலைவராக அவரைக் கார்ட்டர் நியமித்தார். ராணுவச் செலவைக் கூட்டிக்கொண்டு சமூக நலத் திட்டங்களைக் குறைப்பது பெண்களைத்தான் அடிக்கும் என்று குழு விமர்சித்தது. 1979 ஜனவரியில் அதிபரோடு நடந்த சந்திப்பு முடிந்த கையோடு அப்சுக் பதவிநீக்கம் செய்யப்பட்டார். குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் பதவி விலகினார்கள். பெண்கள் சம ஊதியம் பற்றிப் பேசலாம், பட்ஜெட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பதே இதிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த செய்தி. வீட்டில் சமையலறை உன்னுடையது, வரவுசெலவு என்னுடையது என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அந்த ஆண்டு டிசம்பரில், எலினோர் ஸ்மீல் தலைமையிலான தேசியப் பெண்கள் அமைப்பு, கார்ட்டரின் மறுதேர்வை ஆதரிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அப்போது ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பணயக் கைதிகளாக இருந்தார்கள். நாடு அதிபரைச் சுற்றித் திரண்டுகொண்டிருந்தது. இந்த நேரத்திலா என்றார்கள் பலர். நன்றிகெட்டவர்கள் என்றார்கள். செய்தவற்றின் பட்டியலை எடுத்து நீட்டினார்கள்.

இந்த இடத்தில் நான் நின்று யோசிக்கிறேன். நீதிபதி நியமனங்கள் பரிசா, கடனா? ஓட்டுப்போட்டு, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு, ஒருவரைப் பதவியில் உட்கார வைத்த பெண்களுக்கு அவர் செய்வது அவர்களுக்குச் சேர வேண்டியது. அதற்கு நன்றி கேட்பது, சம்பளம் கொடுத்துவிட்டுத் தர்மம் என்று கணக்கெழுதுவதைப் போன்றது.

சரி, மாற்று யார்? பெண்ணியவாதிகள் இந்தக் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகும் பகுதி இதுதான். கடந்துபோக எனக்கு மனம் இல்லை. 1969 ஜூலை 18 இரவு, சாப்பாகுவிடிக் தீவில் எட்வர்ட் கென்னடி ஓட்டிய கார் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது. அவர் தப்பினார். உடன் வந்த மேரி ஜோ கோபெக்னி இறந்தார். வயது 28. கென்னடி மறுநாள் காலைதான் காவல்துறையிடம் போனார். விபத்து நடந்த இடத்தைவிட்டுப் போன குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிடைத்தது இரண்டு மாதத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கோபெக்னி யார்? அவருடைய அண்ணன் ராபர்ட் கென்னடியின் 1968 பிரச்சார அலுவலகத்தில் இரவுபகலாக வேலை பார்த்த இளம்பெண்களில் ஒருவர். கட்சிக்கு விசுவாசமாக உழைத்த பெண். அந்த விசுவாசத்துக்குக் கட்சி எதைத் திருப்பிக் கொடுத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆக, 1980இல் பெண்களின் முன்னால் இருந்தவர்கள் இருவர். ஒருவர் நல்ல கணவர், நல்ல தந்தை. ஏழைப் பெண்ணின் உடல் விஷயத்தில் கைவிரித்தவர். இன்னொருவர் சம உரிமைத் திருத்தத்தையும் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டையும் உரக்கப் பேசியவர். ஒரு பெண்ணைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு வந்தவர். இந்த இருவரில் எவரையும் நம்பி விசுவாசம் வைக்க முடியாது. அந்தப் பெண்களில் பலர் வைக்கவும் இல்லை. இருவருக்கும் இடையில் நடந்த போட்டியை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1980இல் நான் பார்க்கும் அரசியல் இதுதான்.

போட்டி எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979 நவம்பர் 7 அன்று கென்னடி களத்தில் இறங்கினார். ஜனவரியில் அயோவாவில் பெருந்தோல்வி. பணயக் கைதிகள் விவகாரத்தைக் காரணம் காட்டிக் கார்ட்டர் பல மாதங்கள் வெள்ளை மாளிகையைவிட்டுப் பிரச்சாரத்துக்கு வரவில்லை. ரோசலின்தான் அவருக்காக அலைந்தார். அந்த ஆண்டு விலைவாசி உயர்வு 13 விழுக்காட்டைத் தாண்டியது. மார்ச்சில் நியூயார்க்கும், ஜூனில் கலிஃபோர்னியாவும் கென்னடி பக்கம் வந்தன. ஆனாலும் பேராளர் எண்ணிக்கையில் கார்ட்டர் எட்ட முடியாத தூரத்தில் இருந்தார்.

கென்னடிக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. எந்த வேட்பாளருக்காகத் தேர்வானாரோ அவருக்கே பேராளர் வாக்களிக்க வேண்டும், மீறினால் அவரை நீக்கி வேறொருவரை உட்கார வைக்கலாம் என்று மாநாட்டு விதி ஒன்று இருந்தது. அதை உடைத்துப் பேராளர்களை விடுவிக்கக் கேட்டது கென்னடி அணி. பேராளர்கள் எந்திரங்களா என்று வாதாடினார்கள். ஆகஸ்ட் 11 அன்று வாக்கெடுப்பு. கார்ட்டர் பக்கம் சுமார் 1,936. கென்னடி பக்கம் சுமார் 1,390. விதி நின்றது. அன்றிரவே கென்னடி போட்டியிலிருந்து விலகினார். வரலாற்றுப் புத்தகங்களைப் பொறுத்தவரை நாடகம் அத்துடன் முடிந்தது. மிச்சம் கென்னடியின் புகழ்பெற்ற உரையும், அந்தக் கை தூக்காத காட்சியும்தான்.

ஆனால் அந்த அரங்கில் பாதிப் பேர் பெண்கள். பேராளர்களில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்று கட்சி விதி வகுத்த பின் நடந்த முதல் மாநாடு அது. மாணவி பார்த்த கூட்டம் தற்செயலாக வந்ததில்லை. பல ஆண்டுகள் கட்சிக்குள் சண்டைபோட்டு வாங்கிய இருக்கைகள் அவை.

வேட்பாளரைப் பற்றிய வாக்கைத்தான் விதி கட்டிப்போட்டது. கொள்கை அறிக்கை மீதான வாக்கைக் கட்டிப்போடவில்லை. மறுநாள், ஆகஸ்ட் 12 அன்று, பெண்கள் இரண்டு தீர்மானங்களோடு வந்தார்கள். சம உரிமைத் திருத்தத்தை ஆதரிக்காத வேட்பாளர்களுக்குக் கட்சி தேர்தல் நிதியோ உதவியோ தரக் கூடாது என்பது ஒன்று. ஏழைப் பெண்களுக்கு மட்டும் கருக்கலைப்பு உரிமையை மறுக்கும் அரசுக் கட்டுப்பாடுகளைக் கட்சி எதிர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. ஹைட் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்து ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதிபரின் அணி இரண்டையும் விரும்பவில்லை.

முதலாவது குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. இரண்டாவதற்கு வாக்கு எண்ணப்பட்டது. ஆதரவு 2,000ஐத் தாண்டியது. எதிர்ப்பு அதில் பாதிகூட இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய இரவு கென்னடி பக்கம் 1,390 பேர்தான். அப்படியென்றால், முந்தைய இரவு கார்ட்டர் பக்கம் கை தூக்கியவர்களில் ஏறக்குறைய அறுநூறு பேராவது இப்போது கார்ட்டரின் விருப்பத்தை மீறியிருக்கிறார்கள். அவர்கள் கார்ட்டரைக் கைவிடவில்லை. வேட்பாளர் நீங்கள்தான், ஆனால் எங்கள் உடம்பைப் பற்றிய முடிவு உங்களுடையது இல்லை என்று ஒரே மாநாட்டில் இரண்டையும் சொன்னார்கள். இரண்டு அணிப் பெண்களும் சேர்ந்து சொன்னார்கள்.

விசுவாசத்தை இப்படி இரண்டாகப் பிரிக்கலாம் என்பதே என் மாணவி தெரிந்துகொள்ள வேண்டிய பாடம். ஆளுக்குக் கொடுத்த வாக்கு வேறு. கொள்கைக்குக் கொடுத்த வாக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதுதான் தலைவர்களுக்கு லாபம். அந்த முடிச்சு அவிழும் இடமாக ஒரு போட்டி இருந்தது. எதிர்ப்பே இல்லாமல் அமைதியாக நடந்த மாநாடாக இருந்திருந்தால், அதிபருக்கு ஒவ்வொரு பேராளரின் மனமும் தேவைப்பட்டிருக்காது. பெண்கள் பேரம் பேச இடமும் இருந்திருக்காது.

இதற்கு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்புதான். நவம்பரில் கார்ட்டருக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குகள் வெறும் 49, ரீகனுக்கு 489. சம உரிமைத் திருத்தம் 1982இல் மூன்று மாநிலங்கள் குறைவாகச் செத்துப்போனது. ஹைட் திருத்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. வீட்டுக்குள் சண்டை போட்டதால் வீடே போயிற்று என்பார்கள். 1968இல் யூஜின் மெக்கார்த்தி ஜான்சனை எதிர்த்தார், 1976இல் ரீகன் ஃபோர்டை எதிர்த்தார், 1992இல் பேட் புக்கனன் மூத்த புஷ்ஷை எதிர்த்தார். நான்கு முறையும் அதிபரின் கட்சி தோற்றது என்று பட்டியல் போடுவார்கள்.

பட்டியல் சரி. ஆனால் காய்ச்சல் வந்த வீட்டுக்கு வைத்தியர் வருகிறார் என்பதால் வைத்தியர்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தார் என்று ஆகாது. வியட்நாம் போர் இல்லாமல் 1968 இல்லை. விலைவாசியும் ஈரானும் இல்லாமல் 1980 இல்லை. பலவீனமான அதிபரைத்தான் எதிர்க்கத் துணிகிறார்கள். எதிர்ப்பு அந்தப் பலவீனத்தைக் கூட்டவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், கொஞ்சம் கூட்டியிருக்கும். ஆனால் தோல்விக்கான முழுப் பழியையும் கேள்வி கேட்டவர் தலையில் கட்டும் பழக்கத்தை நாம் வீட்டிலேயே நிறையப் பார்த்திருக்கிறோம். குடும்பம் உடைந்தால் வாய்பேசிய மருமகள்தானே காரணம்!

வாய்பேசாதவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதே 1980 ஜூலையில் டெட்ராய்ட்டில் கூடிய குடியரசுக் கட்சி, நாற்பது ஆண்டுகளாகத் தன் கொள்கை அறிக்கையில் வைத்திருந்த சம உரிமைத் திருத்த ஆதரவைக் கைவிட்டது. அதை வெளிப்படையாக எதிர்த்தவர் கட்சியின் தேசியக் குழு இணைத்தலைவர் மேரி கிரிஸ்ப். பல ஆண்டுகள் கட்சிக்காக உழைத்தவர். அவரை ஓரங்கட்டினார்கள், வெளியேறினார். உள்ளே அமைதி காத்த பெண்களுக்கு அந்தத் திருத்தம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் ரீகனுக்கு ஆண்கள் அளித்த ஆதரவைவிடப் பெண்கள் அளித்த ஆதரவு சுமார் 8 புள்ளிகள் குறைவு. பெண்கள் தனியாக யோசித்து ஓட்டுப் போடுகிறார்கள் என்பதை இரண்டு கட்சிகளும் எண்ணத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இதையெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாதபடி 2024 வந்தது. அதிபர் பைடனின் வயதைப் பற்றி வாக்காளர்கள் கவலைப்பட்டார்கள். ஆனால் கட்சி போட்டியை ஊக்குவிக்கவில்லை. ஃபுளோரிடாவில் கட்சி அவர் பெயரை மட்டுமே அனுப்பியதால் அங்கே பிரைமரியே நடக்கவில்லை. மிச்சிகனில், காஸா போரை எதிர்த்தவர்கள் 'யாருக்கும் உறுதியளிக்கவில்லை' என்ற கட்டத்தில் வாக்களித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். முன்னின்று நடத்தியவர்களில் லைலா எலாபெட் என்ற பாலஸ்தீன அமெரிக்கப் பெண்ணும் ஒருவர். ஜூலை 21 அன்று பைடன் விலகினார். கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தவை 107 நாட்கள். பிரைமரியில் தன்னை நிறுவிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை; அது தரப்படாததையே பிறகு அவருக்கு எதிரான குற்றச்சாட்டாகவும் ஆக்கினார்கள். விசுவாசம் என்ற பெயரில் ஆண்கள் அடைத்து வைத்த கதவின் விலையை ஒரு பெண் கொடுத்தார்.

நம் கண்ணைக் கூசவைக்கும் இன்னொன்றும் அப்போது நடந்தது. ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவரை மேடையில் சில நிமிடங்கள் பேசவிடுங்கள் என்று அந்த எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. இப்போது வேட்பாளர் ஒரு பெண். ஆகவே விசுவாசத்தை இம்முறை பெண்ணியத்தின் பெயராலேயே கேட்டார்கள். நமக்கான ஒருத்தி ஜெயிக்கும் நேரத்தில் கேள்வி கேட்கலாமா என்றார்கள். தலைவர் பெண்ணாக இருந்தாலும், 'இப்போது வேண்டாம்' என்ற சொல் அதே சொல்தான்.

அந்தச் சொல்லை எனக்கு நேரடியாகத் தெரியும். பல ஆண்டுகள் ஓர் ஆசிரியர் சங்கத்தில் இருந்தேன். பாலியல் புகார்களை விசாரிக்கும் குழு எங்கள் கல்லூரிகளில் காகிதத்தில் மட்டும் இருக்கிறது, அதைச் சங்கத்தின் முதல் கோரிக்கையாக வையுங்கள் என்று கேட்டேன். "தேர்தல் முடியட்டும்மா, இப்ப எடுத்தா நம்ம தலைவருக்கு எதிரா திரும்பிடும்" என்றார்கள். தலைவர் நல்லவர், சம்பள உயர்வுக்காகச் சிறைக்குப் போனவர். நான் பேசாமல் இருந்தேன். அவர் ஜெயித்தார். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். கோரிக்கை பதினோராவது இடத்திலேயே இருந்தது. புகார் கொடுக்க வந்த ஓர் இளம் ஆசிரியை வேலையை விட்டுப் போனபோது, என்னிடம் ஒன்றும் சொல்லாமல்தான் போனாள். என் விசுவாசத்துக்கு விலை கொடுத்தது அவள்.

அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்கிறேன். அம்மா, அந்தப் பெண்கள் பள்ளி ஆசிரியைகளும் தொழிற்சங்கக்காரர்களும் கட்சி வேலை பார்த்துக் கால் தேய்ந்தவர்களும். அவர்கள் கட்சியை விட்டுப் போகவில்லை. தங்கள் அதிபரையும் விட்டுவிடவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்ட அதே அரங்கில் அவருக்கு வேண்டாததை எழுதிவைத்தார்கள். மேடையில் எந்த ஆண் எந்த ஆணின் கையைத் தூக்கினார் என்று உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு நாட்கள் முன்பே, கீழே, அவர்கள் கை தூக்கி முடித்திருந்தார்கள்.